வரைபடத்தில் மட்டும் இருந்த கேபிள்

இதைப் படித்துவிட்டுச் "சும்மா கதை விடுறா லா" என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். 2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மாலை 7.20 முதல் 8.04 வரை எனக்கு நடந்ததை எழுதுகிறேன். நிமிடம் நிமிடமாகக் கம்ப்யூட்டர் பதிவில் இருக்கிறது. அச்செடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பதிவில் ஒரு பொய்யும் இல்லை. இந்த விஷயத்தில் பொய் சொன்னது நான் ஒருத்திதான்.

என் பெயர் தர்ஷிகா. மலேசியாவில், அம்பாங்கானில் வீடு. அப்போது சிரம்பானில் ஒரு சிறிய கம்பெனியில் நெட்வொர்க் இன்ஜினியராக இருந்தேன். ரெம்பாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம், பெயர் வேண்டாம். பழத்திலிருந்து எண்ணெய் எடுக்கும் அதன் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வேலை எல்லாம் நாங்கள்தான் செய்துகொடுத்தோம். மில் ஆபீஸில் சர்வர்கள் இருந்தன. ஒருமுறை ஆபீஸுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. அதன் பிறகு, தகவல்களைச் சேமித்து வைக்கும் ஸ்டோரேஜ் பெட்டியை மட்டும் மேட்டில் இருந்த பழைய தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். சர்வர் ஓர் இடத்தில், அதன் ஞாபகம் இன்னோர் இடத்தில். நடுவில் கேபிள்.

அந்தக் கேபிள் அறுந்தால், பேசிக்கொண்டிருக்கும்போதே நினைவு தப்பிய ஆள் மாதிரி சர்வர் நின்றுவிடும். அதனால்தான் எப்போதும் இரண்டு கேபிள் போடுவோம். எண்ணிக்கை மட்டும் போதாது. இரண்டும் வெவ்வேறு வழியில் போக வேண்டும். ஒரு வழியில் மரம் விழுந்தாலும், மண் சரிந்தாலும், மற்ற வழி தாங்கும். அந்த வழிகளைத் திட்டமிடுவதுதான் என் தொழில்.

2022 மார்ச்சில் இந்த வேலையைத் திட்டமிட்டதும் நான்தான். வரைபடத்தில் இரண்டு கோடு போட்டேன். முதல் வழி ரோட்டோரமாக, பாலத்தைக் கடந்து, 410 மீட்டர். இரண்டாவது வழி ஆபீஸின் பின்பக்கமிருந்து, தொழிலாளர்கள் குடியிருந்து காலியான பழைய லயத்து வீடுகளைச் சுற்றிக்கொண்டு, 640 மீட்டர்.

இரண்டாவது வழியை நாங்கள் தோண்டவே இல்லை.

கேபிள் இழுக்கும் காண்ட்ராக்டர் புனிதன். நாற்பத்து மூன்று வயது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆறு வருஷம் என்னோடு வேலை செய்திருந்தார். ரோட்டோரக் குழி முடிந்த அன்று நல்ல மழை. இன்னொரு குழி வெட்ட நாலு நாள் ஆகும் என்றார். எனக்கோ வெள்ளிக்கிழமை வேலையை ஒப்படைக்க வேண்டும்.

"அண்ணே, ரெண்டையும் ஒரே பைப்புல விட்டுருங்க. பின்னாடி பாத்துக்கலாம்" என்றேன்.

ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்தார். "மிஸ், ஒரே பைப்புன்னா ரெண்டு கேபிள் போட்டு என்னா பிரயோசனம்? அறுந்தா ரெண்டும்ல போகும்?"

"ஒரு மாசத்துல வந்து ரெண்டாவதைச் செஞ்சிரலாம்."

"படத்துல ரெண்டு வழின்னு இருக்கே."

"படத்தை நான் பாத்துக்குறேன் அண்ணே."

அவர் இரண்டையும் ஒரே பைப்பில் விட்டார். நான் இரண்டு கோடு போட்ட அந்தப் படத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒரு மாதம், இரண்டு மாதம், ஒரு வருஷம் ஆனது. நான் திரும்பிப் போகவில்லை.

2023 ஜூனில், தண்ணீர்க் குழாய் பதிக்க வந்த மண் தோண்டும் இயந்திரம் ரோட்டோரத்தில் அந்தப் பைப்பை அறுத்துவிட்டது. இரண்டு கேபிளும் ஒரே நொடியில் போயின. மில் பதினொரு மணி நேரம் நின்றது. லாரிகள் கேட்டு வரை வரிசையாக நின்றன, பழம் எல்லாம் வீணானது.

விசாரணைக் கூட்டம் வைத்தார்கள். மேசையின் நடுவில் என் வரைபடம். என் முதலாளி சுரேந்திரன் சார், மில் மேனேஜருக்குக் கேட்கும்படி சத்தமாகக் கேட்டார்.

"படத்துல ரெண்டு வழி தெளிவா இருக்கு. ஒரே பைப்புல விட்டது யாரு?"

புனிதன் என்னைப் பார்த்தார்.

நான் மேசையைப் பார்த்தேன்.

அவர் காத்திருந்தார். கடைசிவரை அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே அவருடைய காண்ட்ராக்டை எடுத்துவிட்டார்கள். குழி வெட்டாமலே வெட்டியதாக ஏமாற்றியவர் என்று பெயர் பரவிவிட்டது. வேறு கம்பெனிகளும் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தின. ஒரு வாரம் கழித்து எனக்கு ஒரு செய்தி அனுப்பினார். "மிஸ், நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

படித்தேன். படித்துவிட்டேன் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். பதில் போடவில்லை.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அறுந்த கேபிள்களை அதே பைப்பில் ஒட்டவைத்தோம். இரண்டாவது வழியை எங்கள் செலவிலேயே தோண்டித் தருவதாகச் சுரேந்திரன் சார் மில்லுக்கு வாக்குக் கொடுத்தார். தோண்டவில்லை. 2024 நவம்பரில் தணிக்கை வரப்போகிறது என்றதும் என்னைக் கூப்பிட்டார். "செஞ்சாச்சுன்னு எழுதிரு, தர்ஷிகா. ஒவ்வொரு கேபிளா கழட்டி டெஸ்ட் பண்ணா பாஸ் ஆயிரும். யாரு போய் மண்ணைத் தோண்டிப் பாக்கப் போறா?"

சரி என்றேன். அந்தப் பொய்க்கு இரண்டாம் முறை கையெழுத்துப் போடத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனேன்.

மில் ஓடாத நாளில்தான் இந்தச் சோதனையைச் செய்ய முடியும். ஆபீஸில் நான் மட்டும். மேட்டில் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில், ஸ்டோரேஜ் பெட்டி பக்கத்தில், அந்த வருஷம்தான் மில்லில் சேர்ந்த எலெக்ட்ரிஷியன் சந்திரன் அங்கிள். இரண்டு பேர் கையிலும் வாக்கி-டாக்கி. என் லேப்டாப் திரையில் இரண்டு வரி: வழி ஒன்று, வழி இரண்டு. இரண்டும் பச்சை.

7.24. முதல் கேபிளைக் கழற்றினேன். வழி ஒன்று சிவப்பு. சர்வர்கள் நிற்கவில்லை. திரும்பச் செருகினேன்.

7.31. இரண்டாவது கேபிள். அதேபோல்தான். பாஸ். பேனாவை எடுத்தேன்.

7.33. ஒரு சத்தம் கேட்டது.

டக்... சர்ர்... டக்... சர்ர்...

மண்வெட்டி. ஈர மண்ணில் இறங்கி, இழுத்துப் போடும் சத்தம். ஆபீஸின் பின்பக்கம், கொஞ்சம் தள்ளி, லயத்து வீடுகள் இருக்கும் திசையிலிருந்து வந்தது.

வாக்கி-டாக்கியை அழுத்தினேன். "அங்கிள், பின்னாடி யாராச்சும் மண்ணு வெட்டுறாங்களா?"

"ஞாயித்துக்கிழமை இருட்டுல யாரு மிஸ் வெட்டுவா? மழை வேற வரப் போகுது லா."

நாங்கள் பேசும்போது சத்தம் நின்றிருந்தது. வாக்கி-டாக்கியைக் கீழே வைத்தேன்.

டக்... சர்ர்...

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்பக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புல், வேலி, செம்பனை மரங்கள். வேறு எதுவும் இல்லை.

7.38. மழை பிடித்தது. தகரக் கூரையில் கொட்டிய சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அது கேட்டது. முன்னைவிடப் பக்கத்தில்.

7.42. இன்னும் பக்கத்தில்.

7.46. சுவருக்கு அந்தப் பக்கம். தரைக்குக் கீழே. என் செருப்பு வழியாக அதிர்வு ஏறியது.

டக்.

நின்றுவிட்டது.

7.49. வழி ஒன்று சிவப்பு. வழி இரண்டும் சிவப்பு. லேப்டாப் கத்த ஆரம்பித்தது.

என் மனதில் முதலில் வந்தது சர்வர் இல்லை, மில் இல்லை. 'மாட்டிக்கொண்டேன்' என்பதுதான். இதை எழுதும்போதுகூடக் கூசுகிறது.

ஞாபகம் அறுந்த சர்வர் ஒரு நிமிடம் வரைதான் காத்திருக்கும். அதற்குள் இணைப்பு வராவிட்டால், எழுதிக்கொண்டிருந்ததெல்லாம் பாதியில் சிதைந்துவிடும். பத்து நொடி. இருபது. முப்பது...

நாற்பதாவது நொடியில் வழி இரண்டு பச்சையானது.

மூச்சு விட்டேன். அப்போதுதான் வாக்கி-டாக்கியில் சந்திரன் அங்கிள் கத்தினார்.

"மிஸ்! பாலத்துக்கிட்ட கரை சரிஞ்சிருச்சு! மேலேர்ந்து டார்ச் அடிச்சுப் பாக்குறேன். பைப்பு ரெண்டா ஒடிஞ்சு தொங்குது!"

"கேபிள்?"

"ரெண்டும் போச்சு மிஸ்."

"ரெண்டுமா? நல்லாப் பாத்தீங்களா?"

"கண்ணால பாத்துட்டுத்தான் சொல்றேன்."

திரையைப் பார்த்தேன். வழி இரண்டு. பச்சை.

ஒரு கேபிளுக்குள் பன்னிரண்டு கண்ணாடி இழைகள் இருக்கும். இரண்டு வேலை செய்யும், மற்றவை சும்மா இருக்கும். சும்மா இருக்கும் இழையில் ஒரு கருவியைச் செருகினால், கேபிள் எத்தனை மீட்டரில் முடிகிறது என்று அது சொல்லிவிடும். என் பையில் இருந்தது. எடுத்தேன்.

முதல் கேபிள்: 187 மீட்டரில் அறுந்திருக்கிறது. அது பாலம் இருக்கும் தூரம்.

இரண்டாவது கேபிள்... 640 மீட்டர். எங்கும் அறுபடவில்லை.

கழற்றினேன். துடைத்தேன். மறுபடி செருகினேன்.

640.

பைப்பில் கிடந்த இரண்டாவது கேபிளுக்கு 410 மீட்டருக்கு மேல் நீளமே கிடையாது. 640 என்ற எண் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. என் வரைபடத்தில்.

7.53. வாக்கி-டாக்கி கரகரத்தது.

"மிஸ், நீங்க அனுப்புன ஆளு வந்துட்டாரு."

"நான் யாரையும் அனுப்பலையே அங்கிள்."

"இல்ல மிஸ், கேபிள்காரருதான். பெட்டிக்குப் பின்னால குந்தியிருக்காரு. கை முழுக்க மண்ணு."

"பேரு கேளுங்க."

கரகரப்பு...

"பேரு சொல்லல. உங்களைத்தான் கேக்குறாரு."

"என்னா கேக்குறாரு?"

மறுபக்கம் யாரோ வாக்கி-டாக்கியை வாங்குவது கேட்டது. பிறகு வேறு ஒரு குரல். வாயை ஒட்டி வைத்துக்கொண்டு பேசுவது போல.

"பச்சையா இருக்கா, மிஸ்?"

ஆறு வருஷம் அந்தக் கேள்வி என் காதில் விழுந்திருக்கிறது. கேபிளைச் செருகியதும் அப்படித்தான் கேட்பார். வேறு யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

புனிதன்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்குப் பேய் என்ற நினைப்பே வரவில்லை. அவர் உயிரோடு நேரில் வந்திருக்கிறார் என்றுதான் நம்பினேன். என்னைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். முகம் சுட்டது.

"மிஸ்... பச்சையா?"

"இருக்கு அண்ணே."

"சரி. ஒண்ணொண்ணா அணைச்சிருங்க. நான் புடிச்சிருக்கேன்."

மொத்தம் ஏழு சர்வர். முறையாக அணைத்தால் எதுவும் சிதையாது. ஒவ்வொன்றாக அணைத்தேன்.

7.55. ஒன்று.

7.57. இரண்டு, மூன்று.

வாக்கி-டாக்கி முழுக்கத் திறந்தே கிடந்தது. மூச்சு மட்டும் கேட்டது. பெரிய பாரத்தைத் தோளில் தாங்கி நிற்பவர் விடும் மூச்சு. உள்ளே இழுத்து... நிறுத்தி... விட்டு...

8.00. நான்கு, ஐந்து.

"அண்ணே" என்றேன். "அன்னைக்கு மீட்டிங்குல..."

மூச்சு நின்றது. கேட்டுக்கொண்டிருந்தார்.

பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

மூச்சு மறுபடி ஆரம்பித்தது.

8.02. ஆறு.

8.03. ஏழு. கடைசி விசிறி சுற்றி நின்றது.

"முடிஞ்சிருச்சு அண்ணே."

8.04. வழி இரண்டு சிவப்பு.

"விட்டுட்டேன், மிஸ்."

பிறகு ஒன்றுமில்லை. மழை மட்டும்.

இரண்டு நிமிடம் கழித்துச் சந்திரன் அங்கிள் பேசினார். குரல் மாறியிருந்தது.

"மிஸ்... அவரு எங்க போனாரு?"

"நீங்கதானே அங்க இருக்கீங்க?"

"நான் வாசல்லதான் நிக்கிறேன். என்னைத் தாண்டி யாரும் போகல. பின்கதவு பூட்டியிருக்கு. தரையெல்லாம் மண்ணு கெடக்கு மிஸ். தொட்டுப் பாத்தேன். வெளிய இவ்வளவு மழை கொட்டுது... இது காஞ்ச மண்ணு."

ஆபீஸிலிருந்து அந்தக் கட்டடம் ஐந்து நிமிட நடை. நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. சந்திரன் அங்கிளைத் தனியாக விட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு அம்பாங்கானுக்கு வந்துவிட்டேன். பயம் என்று சொன்னால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். பயம் இல்லை. அவர் அங்கே எங்காவது நின்றிருந்தால், அந்த முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவருடைய நம்பருக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தார். அவர் மனைவி தனலெட்சுமி.

"அண்ணே இருக்காங்களா?"

"அவரு தவறி நாலு மாசமாச்சு. நீங்க யாரு?"

அன்று சாயந்திரமே ரெம்பாவில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுவரில் மாலை போட்ட படம். ஜூலை மாதம் எலிக் காய்ச்சல் வந்திருக்கிறது. காலில் ஒரு வெட்டு, அதன் வழியாகச் சேற்றுத் தண்ணீரிலிருந்து கிருமி ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். ஆறே நாள்.

"மண்ணு வேலைக்கா போயிட்டிருந்தாங்க?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை ஆனா போதும், மண்வெட்டியை எடுத்துட்டுக் கெளம்பிருவாரு. இருட்டுனப்புறம்தான் வருவாரு. கேபிளும் பைப்பும் அவரே வாங்குனாரு. எங்க போறீங்கன்னு கேட்டா, என் பேருல ஒரு வேலை பாக்கி இருக்குன்னு மட்டும் சொல்லுவாரு."

என் பெயரைச் சொன்னேன். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களைப் பத்தி ஒரு நாளும் தப்பா பேசுனதில்ல."

அதற்கு மேல் என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. தரையில் இறங்கி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே பைப்பில் விடச் சொன்னது, கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டது, பதில் போடாத செய்தி, எதையும் விடவில்லை. அந்த அம்மா நான் முடித்ததும் எழுந்தார்.

"இதை அவரு இருக்கும்போது சொல்லியிருக்கலாம்ல?"

உள்ளே போனார். அரை மணி நேரம் காத்திருந்தேன். வெளியே வரவில்லை. நானே கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அந்த வாரம், அதே கூட்ட அறையில், சுரேந்திரன் சார் முன்னாலேயே மில் மேனேஜரிடம் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். என் வேலை போனது. புனிதன் மேல் தவறில்லை என்று மில் ஒரு கடிதம் எழுதியது. அதைத் தனலெட்சுமி அம்மாவிடம் கொடுக்கச் சந்திரன் அங்கிள்தான் போனார். என்னை வர வேண்டாம் என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டார்.

டிசம்பர் 3-ஆம் தேதி, இரண்டாவது வழியைத் தோண்டிப் பார்த்தார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சுவரில் ஆரம்பித்தோம். இரண்டடி ஆழத்தில் பைப்பு கிடந்தது. கீழே மணல் பரப்பி, மேலே எச்சரிக்கை நாடா வைத்து, வளைவு வரும் இடமெல்லாம் கல் நட்டு, சுத்தமான வேலை. லயத்து வீடுகளைச் சுற்றி, என் வரைபடத்துக் கோட்டிலிருந்து ஒரு சாண்கூட விலகாமல் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் ஆள் வெட்டுவதைப் பார்த்ததாகக் கேட்டில் காவலிருக்கும் ஜாகா சொன்னார். எங்கள் கம்பெனி அனுப்பிய ஆள் என்று நினைத்தாராம்.

602 மீட்டர் வந்திருந்தது. அங்கே நின்றுவிட்டது. கேபிளின் முனையில் தண்ணீர் ஏறாமல் கறுப்பு டேப்பு சுற்றியிருந்தது. அதற்கு அப்பால் ஆபீஸ் சுவர் வரை முப்பத்தெட்டு மீட்டர். அதையும் தோண்டினோம். செம்பனை வேரும் களிமண்ணும்தான். அங்கே யாரும் எப்போதும் மண்வெட்டி போட்டதில்லை.

பிறகு அந்தக் கேபிளின் மறுமுனையைத் தேடினோம். ஆஸ்பத்திரிச் சுவரின் வெளியே ஒரு இரும்புப் பெட்டி. பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. சந்திரன் அங்கிள் சுத்தியலால் உடைத்துத் திறந்தார். உள்ளே கேபிள் சுருட்டிக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. பன்னிரண்டு இழைகளின் நுனியிலும், தொழிற்சாலையில் போட்ட மூடி அப்படியே இருந்தது.

அந்தக் கேபிளை அதுவரை யாரும் எதிலும் செருகியதே இல்லை.